களக்காட்டுப் பள்ளமும் ஒரு ஜெபமும்

நோயுற்றுப் படுத்திருப்பவரைக் காண வருவோர், எல்லாம் தேவ சித்தம் என்று சொல்லி விடைபெறுவதைப் பன்முறை கண்டிருக்கிறேன். என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதங்கள் படுக்கையில் கிடந்தபோது அச்சொற்கள் எனக்குச் சினமூட்டின. நலமாக நடந்து வந்தவர்கள், எழ இயலாதவருக்குச் சொல்லும் ஆறுதல் அது. அந்நாட்களில்தான் ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன்.

1867இல் அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர் அவர். தாயைப் போல் நீலக் கண்கள் வேண்டுமென்று சிறுவயதில் ஓர் இரவு ஜெபித்துவிட்டு, விடிந்ததும் கண்ணாடி முன் ஓடினாராம். கண்கள் பழுப்பாகவே இருந்தன. இல்லை என்பதும் ஒரு விடையே என்று அன்று கற்றதாகச் சொல்வார்கள். 1895இல் இந்தியா வந்தார். பின்னர் ஒருமுறையும் தாயகம் திரும்பவில்லை. நெல்லைச் சீமையில் தங்கித் தமிழ் கற்றார். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமி ஒருத்தி 1901இல் தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். டோனாவூர் இல்லத்தின் தொடக்கம் அதுவே. பின்னாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் அம்மாவானார்.

1931 அக்டோபர் 24. தம்மைப் பணிக்குத் தகுதியாக்க எது தேவையோ அதைச் செய்தருளுமாறு அன்று காலை ஜெபித்தார். மாலையில் களக்காட்டில், மருத்துவப் பணிக்கென எடுத்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், மங்கிய வெளிச்சத்தில் அங்கே தோண்டியிருந்த பள்ளத்தில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகெலும்பும் பாதிக்கப்பட்டது. விரைவில் எழுந்துவிடுவார் என்றே உடனிருந்தோர் நம்பினர். எஞ்சிய ஏறக்குறைய இருபது ஆண்டுகளையும் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். 1948இல் அந்த அறையிலேயே மீண்டும் விழுந்தபின், கட்டிலே கதியாயிற்று.

காலை ஜெபத்திற்கு மாலையில் வந்த விடையே அந்தப் பள்ளம் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளத்தை வெட்டியவர்கள் மனிதர்கள். இறைவன் கால்களை ஒடித்துப் பாடம் நடத்துகிறார் என்பது, வந்து போகும் விருந்தினருக்கு எளிதாய் வரும் விளக்கம். ஒப்புக்கொடுத்தல் என்பதை நான் அந்த ஒரு காலையில் காணவில்லை. உறக்கமற்ற இரவு முடிந்து விடியும் ஒவ்வொரு நாளும் அவர் அதைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. குணமாக வேண்டுமென்ற ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டன, குணம் கிட்டவில்லை. வலி கொடியது என்பதை அவர் மறைக்கவுமில்லை.

1933இல் வெளிவந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நோயாளிகளுக்கு அவர் எழுதிய மடல்களின் தொகுப்பு. நலமுள்ளோர் நோயாளிகளுக்காக எழுதிய ஆறுதல் ஏடுகள் தமக்கு உதவவில்லை என்று அதில் வெளிப்படையாகவே சொல்கிறார். நோயாளி நோயாளிக்கு எழுதுவது என்பதால்தான் அம்மடல்களை அச்சிடவே இசைந்தார். படுக்கையில் இருந்தபடி இன்னும் பல நூல்களை எழுதினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அறைக்கு வந்து பேசிச் சென்றனர்.

அந்தப் பகுதியை என் தாயாருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அதுவரை எல்லோரிடமும் நலம் என்றே சொல்லிவந்தவர், அன்று முதன்முறையாகத் தம் வலியைப் பற்றிப் பேசினார். நெடுநேரம் பேசினார். பின்னர் இருவரும் ஜெபித்தோம்.

ஏமி 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரிலேயே காலமானார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றைப் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள்.