டெஸ்லாவின் கோபுரமும் காருக்குச் சார்ஜ் ஏற்றும் வீதியும்

ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரக் காருக்கு வீதியே சார்ஜ் ஏற்றும் என்ற செய்தி வரும்போதெல்லாம் நிக்கோலா டெஸ்லாவின் பெயரும் கூடவே வருகிறது. நூறு வருடங்களுக்கு முன் அவர் கண்ட கனவு இப்போது நனவாகிறது என்றும், அன்று பணக்காரர்கள் அதை முடக்கிவிட்டார்கள் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வீதிகள் மீது நிறையச் சந்தேகம் உண்டு. அதற்கான காரணங்களை டெஸ்லாவின் வாழ்க்கையிலேயே காண்கிறேன்.

1856 யூலை 10 அன்று, இன்று குரோஷியாவில் உள்ள ஸ்மிலியான் என்ற கிராமத்தில், ஒரு சேர்பியக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை மதகுரு. 1884இல் நியூயோர்க்கில் வந்திறங்கி எடிசனின் நிறுவனத்தில் சில மாதங்கள் வேலை செய்துவிட்டு விலகினார். எடிசன் விற்றது நேரோட்ட மின்சாரம். அதைச் சிக்கனமாக ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கு மேல் கொண்டுசெல்ல முடியவில்லை. டெஸ்லா நம்பியது ஆடலோட்டத்தை. நிலைமாற்றியால் அதன் அழுத்தத்தைக் கூட்டி, மெல்லிய கம்பியில் வெகுதூரம் அனுப்பி, வீட்டு வாசலில் மீண்டும் குறைத்துக்கொள்ளலாம்.

1888இல் அவர் பெற்ற காப்புரிமைகளை வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனம் வாங்கியது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சி ஆடலோட்டத்தால் ஒளிர்ந்தது. 1896 நவம்பரில் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 30 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள பஃபலோ நகரை எட்டியது. இன்று நம் வீட்டு மின்குமிழ் எரிவதும் அதே முறையில்தான். டெஸ்லாவின் பெரிய வெற்றி கம்பியோடு வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அவரது மனமோ கம்பியைக் கடந்து போயிருந்தது. 1891இல் நியூயோர்க்கில் ஒரு விரிவுரையில், கம்பி எதுவும் தொடாத கண்ணாடிக் குழாய்களைக் கையில் பிடித்து ஒளிரவைத்தார். 1899இல் கொலராடோவில் பெரிய சுருள்களை அமைத்துச் செயற்கை மின்னலை உண்டாக்கினார். 1901இல், செல்வந்தர் ஜே. பி. மோர்கன் கொடுத்த 150,000 டொலரோடு, லோங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரத்தைக் கட்டத் தொடங்கினார். உயரம் 57 மீற்றர்.

மோர்கன் பணம் கொடுத்தது அத்திலாந்திக்கைத் தாண்டிச் செய்தி அனுப்புவதற்காக. டெஸ்லாவின் திட்டமோ உலகுக்கே கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்புவதாக விரிந்தது. 1901 டிசெம்பரில் மார்க்கோனி இதைவிட எளிய கருவிகளோடு கடல் தாண்டிச் சமிக்ஞை அனுப்பிவிட்டார். மோர்கன் மேலும் பணம் தர மறுத்தார். 1917இல் கோபுரம் இடிக்கப்பட்டது.

மின்மானி பூட்ட முடியாத மின்சாரத்தை மோர்கன் விரும்பவில்லை, அதனால்தான் தடுத்தார் என்றொரு கதை உலவுகிறது. பெரியவர்களால் ஏமாற்றப்பட்ட அனுபவம் உள்ள நமக்கு அந்தக் கதை சட்டென்று பிடித்துவிடும். ஆனால் அந்தக் கோபுரம் தொலைவில் உள்ள ஓர் ஊருக்குப் பயன்படத்தக்க மின்சாரத்தை ஒருநாளும் அனுப்பிக் காட்டவில்லை. பணம் கிடைத்திருந்தாலும் தூரம் தடுத்திருக்கும்.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதபோது, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். டைனமோவுக்குள் காந்தம் சுருளைத் தொடுவதில்லை. நூலளவு இடைவெளியில் சுழல்கிறது. அந்த இடைவெளி கூடக்கூட மின்சாரம் விழுந்துவிடும். கம்பியில்லா மின்னேற்றமும் இதே தூண்டல் விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

சார்ஜ் ஏற்றும் வீதியில் தாருக்குக் கீழே ஒரு சுருள், காரின் அடியில் இன்னொரு சுருள். அது வேலை செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி. அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் 2023 நவம்பரில் இப்படியொரு வீதி திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 400 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் அதை 24 செக்கனில் கடந்துவிடும். 20 கிலோவாற்று கிடைப்பதாக வைத்துக்கொண்டால், பற்றரிக்குச் சேர்வது ஓர் யுனிட்டில் ஏழிலொரு பங்கும் இல்லை. ஒரு யுனிட்டுக்கு 6 கிலோமீற்றர் ஓடும் கார் அதில் 800 மீற்றர் போகும். அதில் பாதி அந்த வீதியைக் கடக்கவே செலவாகிவிடும்.

அப்படியானால் பற்றரி குறையாமல் ஓட, பயணிக்கும் வீதியில் பாதியைக் கிண்டிச் சுருள் புதைக்கவேண்டும். வேகம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். அடியில் சுருள் இல்லாத வாகனத்துக்கு ஒரு பயனும் இல்லை. வீதி உடைந்தால் தாரோடு சேர்த்து மின்சாரத்தையும் திருத்தவேண்டும்.

ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடி, தரிப்பிடங்களில் நின்று போகும் பஸ்களுக்கு இது பொருந்தலாம். தென்கொரியாவின் குமி நகரில் 2013இல் அப்படித்தான் தொடங்கினார்கள். 24 கிலோமீற்றர் பாதையில் சிறு பகுதியில் மட்டுமே சுருள் புதைத்தார்கள். அளவறிந்து செய்த வேலை அது.

1943 யனவரி 7 அன்று நியூயோர்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் டெஸ்லா தனியாக இறந்துபோனார். பிறந்த மண்ணையும் போர் விட்டுவைக்கவில்லை. ஸ்மிலியானுக்கு அருகே கொஸ்பிச் நகரில் நின்ற அவரது சிலை 1992இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால் அவருடைய ஆடலோட்டம் இரு தரப்பு வீடுகளிலும் எரிந்துகொண்டிருந்தது.

மீள்குடியேறிய ஊருக்கு முதல் மின்கம்பம் வந்த நாளை மறக்காதவர்கள் நம்மில் பலர். சார்ஜ் ஏற்றும் வீதியை யாராவது நம்மிடம் கொண்டுவந்தால், ஒரு கிலோமீற்றருக்கு என்ன செலவு, அந்தப் பணத்தில் எத்தனை வீட்டுக்குக் கம்பி இழுக்கலாம் என்று கணக்குக் கேட்போம்.