போல் பிராண்ட்

போல் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தமிழ்நாட்டில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய இவர், தொழுநோயால் முடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் மீண்டும் இயங்கச் செய்த முன்னோடியாகக் கருதப்படுகிறார். நோய் நீங்கிய பின்னும் உடலில் நின்றுவிடும் அடையாளங்களை அகற்றுவதும் மருத்துவத்தின் கடமையே என்பது இவரது நிலைப்பாடாக இருந்தது.

பிறப்பும் இளமையும்

பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோரான ஜெசி பிராண்டும் எவலின் பிராண்டும் அம்மலையில் சமயப் பணியுடன் மருத்துவ உதவியும் செய்துவந்தனர். தந்தை புண்களுக்கு மருந்திடுவதைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு மருத்துவத்தின் மீது அருவருப்பே மிஞ்சியது. 1923இல் படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். அதன்பின் தந்தையை அவர் காணவே இல்லை.

பள்ளிப் படிப்பிற்குப் பின் சில ஆண்டுகள் கட்டடத் தொழில் பயின்றார். தச்சு வேலையும் கொத்து வேலையும் அப்போது கைவந்தன. வீணான ஆண்டுகள் போலத் தோன்றினாலும், பின்னாளில் இவர் செய்த அறுவைகளில் தச்சனின் கை தெரிந்தது என்றே சொல்ல வேண்டும். பிறகு மனம் மாறி இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். உடன் படித்த மார்கரெட் பெரியை 1943இல் மணந்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்ததே இவருக்கு அறுவைப் பயிற்சிக் களமாயிற்று.

வேலூரில்

ஐடா ஸ்கடர் தோற்றுவித்த வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு அக்காலத்தில் அறுவை ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். தொழுநோய் அறிஞர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று பிராண்ட் 1946இல் வேலூர் வந்தார். 1947இல் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மனைக்குக் காக்ரேன் இவரை அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் கொக்கி போல் வளைந்திருந்த ஒரு நோயாளியின் கையைப் பற்றிய பிராண்ட், தம் கை வலிக்கும் அளவுக்கு அப்பிடி வலுவாக இருப்பதை உணர்ந்து வியந்தார். செயலற்றதாகத் தோன்றிய கையில் வலிமையான தசைகள் எஞ்சியிருந்தன.

பின்னர் பல நோயாளிகளைச் சோதித்து, நரம்புகள் முழங்கை, மணிக்கட்டு போன்ற குறிப்பிட்ட இடங்களிலேயே பெரிதும் சிதைகின்றன என்றும், முன்கைத் தசைகள் பல நலமாகவே இருக்கின்றன என்றும் கண்டறிந்தார். நலமான தசை ஒன்றின் நாணை, உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த நாணால் நீட்டி, நான்காகப் பிரித்து விரல்களில் இணைப்பது இவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. தொழுநோயாளியின் தசை ஆறாது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடையேயும் நிலவியதால் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. புண்கள் ஆறின, எதிர்ப்பும் மெல்லத் தணிந்தது.

விரல்கள் உதிர்வது நோயினால் அன்று, வலி உணர்வு இல்லாமையால் என்பதே இவரது முதன்மையான கண்டுபிடிப்பு. கொதிக்கும் பாத்திரத்தையும் ஆணியையும் உணராத கை, நாள்தோறும் சிறிது சிறிதாகச் சிதைகிறது. இரவில் உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பதும் தெரியவந்தது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. எளிய மருந்துதான், ஆனால் பயன் தந்தது.

மறையாத அடையாளங்கள்

1940களில் சல்போன் மருந்துகள் வந்தபின் தொழுநோய் குணமாகும் நோயாயிற்று. ஆயினும் குணமானவர்களை ஊர் ஏற்கவில்லை. கை சீரான பின் திரும்பிச் சென்ற சிலர், வேலையும் கிடைக்காமல், முன்பு வளைந்த விரலைக் காட்டிப் பெற்ற பிச்சையும் கிடைக்காமல் தவித்தனர். அறுவை தம் பிழைப்பைக் கெடுத்துவிட்டதாக அவர்கள் முறையிட்டது பிராண்டை உலுக்கியது. இதன் விளைவாகக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பு அமைந்தது. அங்கே தச்சு வேலையும் மரப் பொம்மை செய்வதும் கற்பிக்கப்பட்டன. பிராண்டே தச்சு ஆசிரியராகவும் இருந்தார்.

கை மட்டும் போதாது என்பதும் விரைவில் தெரிந்தது. புருவம் உதிர்ந்த முகமும் அமிழ்ந்த மூக்கும் பழைய நோயைப் பேருந்திலும் கடைத்தெருவிலும் அறிவித்துக்கொண்டே இருந்தன. விரும்பாத பச்சை குத்தலை நீக்கக் கேட்பவருக்கு அக்காலத்தில் தோலை வெட்டித் தைப்பது, தேய்த்து அகற்றுவது, வேறு தோலை ஒட்டுவது ஆகிய வழிகள் இருந்தன. லேசர் முறை 1960களில் சோதிக்கப்பட்டுப் பின்னரே பரவியது. தொழுநோய் இட்ட குறியோ அழிப்பதற்கு உரிய மையன்று. இழந்ததைக் கட்டி எழுப்பினால்தான் அது மறையும்.

புருவத்திற்காகத் தலையில் முடியுள்ள தோல் பட்டை ஒன்று, அதன் இரத்தக் குழாயுடன் நெற்றித் தோலின் அடியாகக் கொண்டுவரப்பட்டு உரிய இடத்தில் பொருத்தப்பட்டது. அது தலைமுடியே ஆதலால் நீண்டு வளரும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். நெடுநாள் புருவமின்றி வாழ்ந்த சிலர் பெருமிதத்தால் அதைக் கத்தரிக்க மறுத்தனராம். மூக்கிற்கு, முகப்போரில் சிதைந்தோரைச் சீர்செய்த ஹெரால்டு கில்லீசின் முறை உதவியது. மேலுதட்டின் உட்புறமாக வெட்டி, சுருங்கிய உள்தோலை விடுவித்து, அங்கு வேறு தோலை ஒட்டினர். இதனால் முகத்தின் வெளியே புதுத் தழும்பு விழவில்லை.

கரிகிரியும் காலணியும்

காட்பாடிக்கு அருகில் உள்ள கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட ஷெஃபலின் தொழுநோய் ஆய்வு மற்றும் பயிற்சி மையம் பிராண்டின் முறைகளைப் பரப்பும் களமாயிற்று. உணர்வற்ற பாதங்களைக் காப்பது அங்கு பெரும் பணியாக இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என நெடுக தோல் தொழில் நடக்கும் இப்பகுதியில் செருப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆணி அடித்த செருப்பு வலியறியாத காலுக்குப் பகை. பல பொருள்களைச் சோதித்த பின் நுண்துளை இரப்பர் அடியைக் கொண்ட, ஆணியில்லாத காலணிகள் பயனுக்கு வந்தன. மருத்துவருடன் செருப்புத் தொழிலாளரும் ஒரே குழுவில் பணியாற்றினர்.

இவரிடம் பயின்றோருள் மேரி வர்கீஸ் குறிப்பிடத்தக்கவர். 1954இல் விபத்தில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்த அவரை, அமர்ந்தபடியே கை அறுவை செய்யலாம் என பிராண்ட் ஊக்குவித்தார். சக்கர நாற்காலியிலிருந்தே அவர் அறுவைகள் செய்தார். மார்கரெட் பிராண்ட், தொழுநோயால் வரும் கண் கேடுகளில் வல்லுநரானார்.

பிற்காலம்

1952இல் இலண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் ஹண்டர் சொற்பொழிவு ஆற்றினார். 1960இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருதும் 1961இல் பிரித்தானிய அரசின் சி.பி.ஈ. விருதும் பெற்றார். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று மறுவாழ்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். வேலூரில் பழகிய பாதக் காப்பு முறைகளை அங்கு நீரிழிவு நோயாளிகளின் கால் புண்களுக்கும் பயன்படுத்தினார். செயற்கையாக வலியை உணர்த்தும் கையுறை ஒன்றை உருவாக்கும் முயற்சி தோல்வியுற்றது. எச்சரிக்கை தொல்லையானதும் நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டனர்.

1986இல் ஓய்வு பெற்று சியாட்டில் நகரில் குடியேறினார். கையின் இயக்கவியல் பற்றிய நூலையும், பிலிப் யான்சியுடன் இணைந்து உடலையும் வலியையும் பற்றிய நூல்களையும் எழுதினார். 2003 ஜூலை 8 அன்று சியாட்டிலில் காலமானார். மார்கரெட் 2014இல் காலமானார்.