எழுத்தை வரைந்த கை

சத்யஜித் ராய் என்றதும் 'பதேர் பாஞ்சாலி' எடுத்த டைரக்டர் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனா அவர் எழுத்து வரைந்து சம்பளம் வாங்கியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1921 மே 2-ல் கல்கத்தாவில் பிறந்தார். தாத்தா உபேந்திரகிஷோர் அச்சுக்கலையில் பேர் வாங்கியவர். அப்பா சுகுமார் ராய் லண்டன் போய் அச்சுத் தொழில் படித்து வந்தவர். ஆனால் 1923-ல் அப்பா காலமானபோது ராய்க்கு இரண்டரை வயசுதான். சில வருஷத்தில் அச்சகமும் கைவிட்டுப் போச்சு. மாமா வீட்டில் தங்கி, அம்மாதான் வளர்த்து ஆளாக்கினார்.

பொருளாதாரம் படித்த பிறகு சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்றார். 1943-ல் டி.ஜே. கீமர் என்ற வெள்ளைக்கார விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தார். மாசம் 80 ரூபாய் சம்பளம்.

விளம்பரத்தில் சரக்கின் பேரை எந்த எழுத்தில் போடுகிறோம் என்பதே பாதி வேலை. எழுத்தின் முனையில் சின்னக் கோடு நீட்டிக்கொண்டிருந்தால் அது செரிஃப். மொட்டையாக நின்றால் சான்ஸ் செரிஃப். எட்வர்ட் ஜான்ஸ்டன் 1916-ல் லண்டன் பாதாள ரயிலுக்காக வரைந்த மொட்டை எழுத்துதான் அந்த ரயிலுக்கே முகமாகிப் போனது!

ராயும் சும்மா இருக்கவில்லை. சிக்னெட் பிரஸ் புத்தகங்களுக்கு அட்டை வரைந்தார். ராய் ரோமன், ராய் பிஸார், டாப்னிஸ், ஹாலிடே ஸ்கிரிப்ட் என்று நாலு ஆங்கில எழுத்துருக்களை உருவாக்கினார். அதில் முதல் இரண்டும் 1971-ல் சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்றன. சாகித்திய அகாதெமியின் சின்னமும், ரூபா பதிப்பகத்தின் சின்னமும் அவர் வரைந்தவையே.

விளம்பர வேலையில் இருந்துகொண்டே 1952-ல் படப்பிடிப்பு தொடங்கினார். பணத்துக்கு மனைவியின் நகை அடகுக்குப் போனது. 1955-ல் படம் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகும் தன் படங்களின் போஸ்டர் எழுத்தைத் தானே வரைந்தார். 1992-ல் ஆஸ்கார் கௌரவ விருதும் பாரத ரத்னாவும் கிடைத்தன. அதே வருஷம் ஏப்ரல் 23-ல் மறைந்தார்.

பீங்கான் ஊரில் இருக்கிற நமக்கும் இதில் பாடம் இருக்கு. நாளைக்கு நாமே சொந்தமாகச் சூளை போட்டால், கோப்பையின் அடியில் என்ன முத்திரை குத்தப் போகிறோம்? ரொம்ப மெல்லிய கோடு கிளேஸ் உருகும்போது மங்கிப்போகலாம். தடித்த எளிய கோடு தாக்குப்பிடிக்கும். பேர் இல்லாத கோப்பை எவ்வளவு நல்லா வெந்திருந்தாலும், செய்தவன் யாரென்று வாங்கினவனுக்குத் தெரியாது. மறுபடி அவன் நம்மைத் தேடி வரவும் வழியில்லை. எழுத்து வரைவது நம்ம வேலையில்லை என்று ஒதுக்காதீங்க நண்பர்களே. அதுவும் தொழிலில் ஒரு பாதிதான்!