காற்றிலிருந்து உணவும் நஞ்சும்

இரசாயனம் என்ற சொல் நம் மத்தியில் பெரும்பாலும் அச்சத்தோடேயே உச்சரிக்கப்படுகின்றது. உண்ணும் சோறும் அருந்தும் நீரும் நமது உடலுமே இரசாயனப் பொருட்களாலானவை என்பது மறக்கப்பட்டுவிடுகின்றது. 2021 ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டபோது இந்நாட்டு விவசாயிகள் பட்ட அவலத்தையும், வயல்களில் விளைச்சல் வீழ்ந்ததையும், அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை கைவிடப்பட்டதையும் நாம் அறிவோம். அந்தப் பசளையின் பிறப்புக்குக் காரணமான மனிதரின் வாழ்க்கையோ, இரசாயனத்தைக் கண்மூடித்தனமாக வெறுப்போரும் கண்மூடித்தனமாகப் போற்றுவோரும் ஒருங்கே அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

பிரிட்ஸ் ஹேபர் 1868 டிசெம்பர் 9 ஆம் திகதி, அன்று பிரஷ்யாவுக்குரியதாயிருந்த பிரெஸ்லோ நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நகரம் இன்று போலந்தில் உள்ளது. தந்தையார் சாயப் பொருட்களை விற்கும் வணிகர். பிறந்த சில வாரங்களிலேயே அவர் தாயை இழந்தார். யூதருக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் இலகுவில் திறவாத அக்காலத்தில், இளம்வயதிலேயே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். ஜேர்மனியின் முழுமையான பிரஜையாக ஏற்கப்பட வேண்டுமென்ற ஏக்கம் அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது எனலாம்.

அக்காலத்தில் ஐரோப்பாவை வாட்டிய கவலை பசளை பற்றியதாகும். பயிருக்கு நைதரசன் இன்றியமையாதது. அது தென்னமெரிக்காவின் சிலி நாட்டு வெடியுப்பாகக் கப்பல்களில் வந்துகொண்டிருந்தது. அந்த உப்பு ஒருநாள் தீர்ந்துபோகும் என விஞ்ஞானிகள் அஞ்சினர். இத்தனைக்கும் நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசனே. ஆயினும் அதன் மூலக்கூறில் இரு அணுக்களும் மும்மைப் பிணைப்பினால் இறுகப் பிணைந்திருப்பதால் பயிர்களால் அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. அந்தப் பிணைப்பை உடைப்பதே ஹேபரின் சாதனையாயிற்று.

நைதரசனையும் ஐதரசனையும் உயர் வெப்பநிலையில், வளிமண்டல அமுக்கத்தைப் போன்று ஏறத்தாழ 200 மடங்கு அமுக்கத்துக்கு உட்படுத்தி, ஊக்கியொன்றின் துணையோடு அவர் அமோனியாவாக மாற்றினார். 1909 ஜூலையில் அவருடைய ஆய்வுகூடத்தில் அமோனியா துளித்துளியாகச் சொட்டியது. கார்ல் பொஷ் என்ற பொறியியலாளர் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு விரிவாக்க, 1913 இல் ஒப்பாவு என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் உணவு இம்முறையில் கிடைக்கும் நைதரசனைச் சார்ந்திருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. நமது வயல்களுக்கு இடப்படும் யூரியாவும் அந்த அமோனியாவிலிருந்தே செய்யப்படுகின்றது.

1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. பிரித்தானியக் கடற்படை சிலி வெடியுப்பின் வரவைத் தடுத்தபோது, பசளைக்கான அதே அமோனியா நைத்திரிக்கமிலமாகவும் வெடிமருந்தாகவும் உருமாறியது. ஹேபர் அத்தோடு நிற்கவில்லை. குளோரினை ஆயுதமாக்கும் பணியைத் தாமே முன்னின்று நடத்தினார். 1915 ஏப்ரல் 22 ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் 150 தொன் அளவிலான குளோரின் திறந்துவிடப்பட்டது. காற்றைவிடப் பாரமான அந்த மஞ்சட்பச்சை வாயு பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. பிரான்ஸ் தனது குடியேற்ற நாடான அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவந்திருந்த படையினரும் அதற்குப் பலியாகினர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர்.

பத்து நாட்களின் பின்னர், ஹேபரின் மனைவியும் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவருமான கிளாரா, கணவரின் கைத்துப்பாக்கியாலேயே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஹேபரோ உடனேயே கிழக்குப் போர்முனைக்குப் புறப்பட்டுச் சென்றார். போர் முடிந்தபின், 1918 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அமோனியாவுக்காக அவருக்கு வழங்கப்பட்டது. பலர் அதனைக் கண்டித்தனர்.

தாய்நாட்டுக்காக மனச்சாட்சியையே அடகு வைத்த அந்த மனிதருக்கு நாடு செய்த கைம்மாறு என்ன? 1933 இல் ஹிட்லரின் ஆட்சி, யூத ஊழியர்களைப் பணிநீக்கம் செய்யப் பணித்தது. போரில் பணியாற்றியவர் என்பதால் ஹேபர் பதவியில் நீடித்திருக்கலாம். ஆயினும் தம்முடைய சகாக்களை வெளியேற்ற மறுத்து அவர் பதவி துறந்தார். நாட்டை விட்டு வெளியேறி, 1934 ஜனவரி 29 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மாரடைப்பால் காலமானார். அவருடைய நிறுவனத்தில் நடந்த சயனைட் பூச்சிகொல்லி ஆய்வுகளின் வழிவந்த நச்சுவாயுவே பின்னாளில் நாஜி முகாம்களில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது. அம்முகாம்களில் மாண்டோரில் ஹேபரின் உறவினர்களும் இருந்தனர்.

பசளையும் வெடிமருந்தும் ஒரே அமோனியாவிலிருந்து பிறந்தவை. அதனை வயலுக்கு அனுப்புவதா, போர்க்களத்துக்கு அனுப்புவதா என்று தீர்மானித்தவர்கள் மனிதர்களே. ஆகவே இரசாயனத்தின் மீது பழியைச் சுமத்திவிட்டு அவர்கள் தப்பித்துக்கொள்ள இடமளிக்கலாகாது. நஞ்சை ஆயுதமாக்கும் வழக்கமும் ஹேபரோடு முடிந்துவிடவில்லை. 1988 இல் ஈராக்கின் ஹலப்ஜாவில் குர்திஷ் மக்கள் ஆயிரக்கணக்கில் நச்சுவாயுவுக்கு இரையானதை நாம் மறந்துவிடலாகாது.

நமது பிள்ளைகள் உயர்தர வகுப்பில் ஹேபர் முறையின் சமன்பாட்டை மனனம் செய்கின்றனர். அமுக்கமும் வெப்பநிலையும் பரீட்சைக்கு வருகின்றன. அம்மனிதரின் வாழ்க்கை வருவதில்லை. பதுங்குகுழியையும் பட்டினியையும் கண்ட மண்ணிலே கற்பிக்கும் ஆசிரியர்கள், அச்சமன்பாட்டோடு சேர்த்து இந்த வாழ்க்கையையும் ஒரு பாடவேளையிலேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். நாளை அறிவைக் கையாளப் போகின்றவர்கள், அது யாருக்காக என்று கேட்கப் பழகுவது அங்கிருந்தே தொடங்கட்டும்.