அடுப்படியில் ஒரு ஜெபம்

ஜெபிக்க உட்கார்ந்தால் என் மனம் எங்கெங்கோ ஓடும். எனக்கு ஜெபமே வராது என்று நினைத்திருந்தேன். சகோதரர் லாரன்ஸின் வாழ்க்கையை அறிந்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

லொரேன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் நிக்கோலா எர்மான். இளம் வயதில் போர்வீரராக இருந்து காயமடைந்தார், கால் ஊனமானது. 1640-இல் பாரிஸ் நகரின் கார்மேல் துறவு மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை அது. தியான நேரத்திலும் மனம் அலைந்தது. முதல் பத்து ஆண்டுகள் உள்ளத்தில் வேதனைதான்.

ஆனாலும் அவர் விட்டுவிடவில்லை. மனம் விலகும் போதெல்லாம் தன்னை நொந்துகொள்ளாமல் மீண்டும் இறைவனிடம் திரும்பினார். வாணலியில் ஆம்லெட்டைப் புரட்டும்போதும் இறை அன்புக்காகவே புரட்டினார். நாளடைவில் ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் அவருக்கு வேறுபாடு தெரியவில்லை. பிற்காலத்தில் மடத்தில் காலணி தைத்தார். 1691-இல் மறைந்தார். அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் நூலாகி இன்றும் வாசிக்கப்படுகின்றன.

என் மனம் இப்போதும் ஓடத்தான் செய்கிறது, நண்பர்களே. உணர்ந்ததும் திரும்பி வருகிறேன். அப்படித் திரும்பி வருவதும் ஜெபம்தான் என்பதை அந்தச் சமையல்காரரிடம் கற்றுக்கொண்டேன்.