காந்தியை எதிர்த்தார், நட்பை விடலை: யார் இந்த வலங்கைமான் சாஸ்திரி?

காவிரி டெல்டாவில், கும்பகோணம் பக்கத்துல இருக்கிற வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22-ல் பிறந்தவர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. காந்தியைவிட 10 நாள்தான் மூத்தவர்.

1920-ல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியப்போ ஊரே காந்தி பின்னால போச்சு. மிதவாதிகளின் லிபரல் கட்சியில் இருந்த சாஸ்திரி போகலை. சட்டத்தை மீறிப் பழகிட்டா, நாளைக்கு நம்ம அரசையும் மக்கள் மதிக்க மாட்டாங்க என்பது அவர் பயம்.

ஆனாலும் 1927-ல், தென்னாப்பிரிக்காவுக்கான இந்திய அரசின் முதல் ஏஜென்டாகப் போகச் சொல்லி அவரை வற்புறுத்தியது காந்திதான். அங்கே சிறுபான்மையாக வாழ்ந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்காக டர்பனில் எழுந்ததுதான் சாஸ்திரி கல்லூரி.

1944-ல் சென்னையில் ராமாயணச் சொற்பொழிவு நடத்தினார். அதில் ராமரைக் கடவுளாக இல்லாமல் மனுஷனாகவே அணுகினார்.

1946 ஜனவரியில், உடம்பு முடியாமல் மருத்துவமனையில் கிடந்தவரைக் காந்தியே நேரில் வந்து பார்த்தார். ஏப்ரல் 17-ல் சாஸ்திரி காலமானார். கடைசிவரை அரசியலில் இருவரும் ஒத்துப்போகலை. நட்பு மட்டும் முறியலை.