செருப்புத் தொழிலாளியின் மகன் வரைந்த உலகம்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீட்டில் அட்லஸ் இருக்கும். அகலமான புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் தேசப்படம். பச்சை, மஞ்சள், ரோஜா என்று நாட்டுக்கு ஒரு வர்ணம்.

அந்தப் புத்தகத்துக்கு அட்லஸ் என்று பெயர் வைத்தவர் யார் தெரியுமா?

அவர் பெயர் கெரார்டு மெர்கேட்டர். செருப்புத் தைத்துப் பிழைத்த ஓர் ஏழையின் மகன். பெருங்கடல் எதையும் அவர் தாண்டியது இல்லை. வாழ்நாளில் பெரும் பகுதியை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தே கழித்தவர். ஆனால் கப்பல் மாலுமிகள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர் கண்டுபிடித்த முறைப்படி வரைந்த படத்தை விரித்துத்தான் கடலில் வழி பார்க்கிறார்கள்!

ஏழாவது பிள்ளை

1512-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி அவர் பிறந்தார். ஊர் ரூப்பல்மொண்டே. பெல்ஜியம் நாட்டில், ஷெல்ட் என்ற நதிக்கரையில் இருக்கும் சிற்றூர். அந்தக் காலத்தில் அந்தப் பகுதிக்கு பிளாண்டர்ஸ் என்று பெயர்.

தகப்பனார் பெயர் ஹூபர்ட் கிரேமர். வீட்டில் ஏற்கனவே ஆறு குழந்தைகள். ஏழாவதாக வந்தவர்தான் நம் கெரார்டு. செருப்புத் தைத்து வரும் காசு எத்தனை வயிற்றுக்குப் போதும்? நல்ல வேளையாக, கிஸ்பர்ட் என்ற உறவினர் ஒருவர் அந்த ஊரில் பாதிரியாராக இருந்தார். அவர்தான் அந்தக் குடும்பத்துக்கு நிழல். தகப்பனார் இறந்த பிறகு பையனைப் படிக்க வைத்தவரும் அவரே.

பையன் கெட்டிக்காரன். 18 வயதில் லூவென் சர்வகலாசாலையில் சேர்ந்தான். பதிவேட்டில் ஏழை மாணவர்கள் வரிசையில் அவன் பெயர் எழுதப்பட்டது.

அந்நாளில் படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீன் மொழியில் மாற்றிக்கொள்வது வழக்கம். கிரேமர் என்றால் அவர்கள் மொழியில் வியாபாரி என்று பொருள். அதையே லத்தீனில் சொன்னால் மெர்கேட்டர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் அந்த வீட்டில் வியாபாரம் செய்ய முதல் ஏது!

உலகம் பெரிதாகிய காலம்

அது அதிசயமான காலம். மெர்கேட்டர் பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னால்தான், 1492-ல் கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். 1498-ல் வாஸ்கோட காமா நம் நாட்டுக் கோழிக்கோட்டுக்கு வந்தார். மெர்கேட்டருக்குப் பத்து வயதாகும்போது, 1522-ல், மெகல்லனுடைய கப்பல்களில் ஒன்று முதன்முதலாக உலகத்தையே சுற்றிவிட்டு ஸ்பெயினுக்குத் திரும்பியது. மெகல்லன் வழியிலேயே இறந்துபோனார்.

ஒவ்வொரு கப்பலும் புதிய சேதி கொண்டுவந்தது. புதிய தீவு, புதிய கரை, புதிய நதி. பழைய தேசப்படங்கள் எல்லாம் செல்லாக் காசு ஆயின. யாராவது உட்கார்ந்து, வந்த சேதிகளை எல்லாம் சேர்த்து, பொய்யைத் தள்ளி, மெய்யைப் படமாகப் போட வேண்டும். அந்த வேலைக்கு மெர்கேட்டர் வந்து சேர்ந்தார்.

1532-ல் பட்டம் வாங்கினார். ஆனால் மனதில் குழப்பம். பழைய தத்துவ நூல்கள் உலகத்தின் பிறப்பைப் பற்றிச் சொல்வதும் வேதாகமம் சொல்வதும் ஒத்துவரவில்லையே என்று தவித்தார். தத்துவத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்றும் தெரிந்தது. ஜெம்மா பிரிசியஸ் என்ற அறிஞரிடம் கணக்கும் வான சாஸ்திரமும் கற்றார். செம்புத் தகட்டில் எழுத்துச் செதுக்கவும் பழகினார்.

கைத்தொழிலும் கணக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தது பெரிய காரியம். கணக்குத் தெரிந்த பண்டிதருக்கு உளி பிடிக்கத் தெரியாது. உளி பிடிப்பவருக்குக் கணக்குத் தெரியாது. மெர்கேட்டருக்கு இரண்டும் தெரியும். செம்புத் தகட்டில் எழுத்துக்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாகச் செதுக்கவேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராகப் பதியும். மெர்கேட்டரின் சாய்வெழுத்து மணி மணியாக இருக்கும். அப்படி எழுதுவது எப்படி என்று 1540-ல் தனியாக ஒரு புத்தகமே போட்டார்.

1536-ல் பார்பரா என்ற பெண்ணை மணந்தார். மூன்று பையன்கள், மூன்று பெண்கள்.

1538-ல் ஓர் உலகப் படம் வெளியிட்டார். வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று இரண்டாகப் பிரித்துப் பெயர் எழுதிய முதல் படம் அதுதான் என்பார்கள். 1541-ல் பூகோள உருண்டை ஒன்று செய்தார். குறுக்களவு சுமார் 42 சென்டிமீட்டர். நடுவில் அகன்று இரு முனையிலும் குறுகலாக இருக்கும் 12 காகிதத் துண்டுகளில் உலகத்தை அச்சடித்து, உருண்டையின்மேல் சுருக்கம் விழாமல் ஒட்டவேண்டும். எளிய வேலையா?

சிறையில் ஏழு மாதம்

பெயரும் பணமும் வந்துகொண்டிருந்த நேரத்தில் இடி விழுந்தது.

ஐரோப்பாவில் அப்போது மதச் சண்டை. ஜெர்மனியில் லூதர் தொடங்கிய சீர்திருத்த இயக்கம் எங்கும் பரவியது. அதில் சேர்ந்தவர்களை மதத் துரோகிகள் என்று பிடித்து மரண தண்டனை கொடுத்தார்கள். 1544-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். லூவென் நகரத்தில் கைது செய்ய 43 பேர் கொண்ட ஒரு பட்டியல் தயாராயிற்று. அதில் மெர்கேட்டர் பெயரும் இருந்தது!

அதிகாரிகள் வந்தபோது அவர் ஊரில் இல்லை. தம்மை வளர்த்த கிஸ்பர்ட் பாதிரியார் இறந்துபோனதால், அவருடைய சொத்து விவகாரங்களைக் கவனிக்க ரூப்பல்மொண்டேக்குப் போயிருந்தார். ஓடி ஒளிந்துவிட்டான் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். ரூப்பல்மொண்டேயிலேயே பிடித்து, அங்கிருந்த கோட்டையில் அடைத்தார்கள். பிறந்த ஊரிலேயே சிறை!

சந்தேகத்துக்கு இடமான கடிதங்கள் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. வீட்டைச் சோதித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

பார்பரா அம்மாள் சும்மா இருக்கவில்லை. சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு, லூவென் பாதிரியாரிடம் போய் முறையிட்டார். கணவரின் நல்லொழுக்கத்துக்கு அந்தப் பாதிரியார் சாட்சி சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். சர்வகலாசாலையும் பரிந்து பேசியது. பட்டியலில் இருந்த மற்றவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். உயிரோடு புதைக்கப்பட்ட பெண்களும் உண்டு. மெர்கேட்டர் ஏழு மாதம் கழித்து வெளியே வந்தார்.

அந்த ஏழு மாதங்களைப் பற்றி அவர் பிறகு அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. 1552-ல் குடும்பத்தோடு ஜெர்மனியில் உள்ள டூயிஸ்பர்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அந்தச் சீமையின் பிரபு வில்லியம், மத விஷயத்தில் நிதானமானவர். அதற்குமேல் மெர்கேட்டர் வாழ்ந்த 42 ஆண்டுகளும் டூயிஸ்பர்க்கில்தான்.

ஆரஞ்சுத் தோலும் உலகப் படமும்

1569-ம் ஆண்டு. மெர்கேட்டருக்கு வயது 57. பதினெட்டுத் தாள்களில் அச்சிட்டு ஒட்டிய பெரிய உலகப் படம் ஒன்றை வெளியிட்டார். அகலம் இரண்டு மீட்டர். மாலுமிகளுக்காக என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருந்தார்.

ஆரஞ்சுப் பழத்தை உரித்து, தோலை மேஜைமேல் தட்டையாக வைத்துப் பாருங்கள். கிழியாமல் வராது. உலகமும் அப்படித்தான். உருண்டையைத் தட்டையாக்கினால் எங்காவது கிழியும், அல்லது இழுபடும். எங்கே இழுக்க விடுவது என்பதில்தான் படம் போடுகிறவரின் சாமர்த்தியம்.

மாலுமிக்கு என்ன வேண்டும்? அவர் கையில் இருப்பது திசைகாட்டி. வடமேற்கே போ என்றால், முள்ளைப் பார்த்து வடமேற்கே கப்பலைச் செலுத்துவார். திசை மாறாமல் போனாலும் உருண்டையான பூமியில் அந்தப் பாதை வளைந்து வளைந்து துருவத்தை நோக்கிச் சுருளும். பழைய படங்களில் அந்த வளைவை எப்படிப் போடுவது? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் கப்பல் வேறு கரைக்குப் போய்விடும்! பாறையில் மோதினாலும் ஆச்சரியம் இல்லை. அது உயிர்ப் பிரச்சினை.

மெர்கேட்டர் யோசித்தார். உருண்டையில் தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய்க் கூடுகின்றன. படத்தில் அவற்றைக் கூடவிடாமல், வேலிக் கம்புகள்போல் நேராக நிறுத்திவிட்டார். இதனால் வடக்கே போகப்போக நாடுகள் குறுக்கே அகலமாகிவிடும். ஒரு முகத்தைக் குறுக்கே மட்டும் இழுத்தால் முகம் சப்பையாகும் அல்லவா? நெடுக்கேயும் அதே அளவு இழுத்தால் சாயல் கெடாது, முகம்தான் பெரிதாகும். அதையே செய்தார். குறுக்கே எவ்வளவு இழுபட்டதோ, அவ்வளவு நெடுக்கேயும் இழுத்தார். கோணங்கள் பிழைத்தன. மாலுமி புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடத்துக்கு ஸ்கேல் வைத்து ஒரே கோடு போட்டால் போதும். அந்தக் கோட்டின் திசைதான் கப்பலின் திசை!

இதற்கு ஒரு விலை உண்டு. 60-வது பாகையில் எல்லாம் இரட்டிப்பு நீளம், இரட்டிப்பு அகலம். அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவு தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடச் சுமார் 14 மடங்கு பெரியது. நம் இந்தியாவே கிரீன்லாந்தைப்போல் ஒன்றரை மடங்கு. படத்தைப் பார்த்தால் யாராவது நம்புவார்களா? மெர்கேட்டர் ஏமாற்றவில்லை. திசை சரியாக இருக்கப் பரப்பை விட்டுக்கொடுத்தார். கப்பலுக்காகப் போட்ட படத்தைப் பிற்காலத்தில் பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டியது மற்றவர்கள் செய்த வேலை.

எவ்வளவு இழுக்கவேண்டும் என்ற கணக்கை அவர் விளக்கமாக எழுதி வைக்கவில்லை. 1599-ல் எட்வர்டு ரைட் என்ற ஆங்கிலேயர் அதற்கு அட்டவணை போட்டுக் கொடுத்தார். அதன் பிறகே மாலுமிகள் மெல்ல மெல்ல அந்த முறைக்கு வந்தார்கள். இன்று கைப்பேசியில் தெருவைத் தேடுகிறோமே, அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கும் அடிப்படை அதே முறைதான்.

படத்தில் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். வட துருவத்தில் நான்கு தீவுகள், அவற்றுக்கு நடுவே வானளாவிய கறுப்புப் பாறை, தீவுகளுக்கு இடையே பாய்ந்து பூமிக்குள் விழும் கடல் என்று வரைந்திருந்தார். பழைய பயணக் கதை ஒன்றை நம்பியதால் வந்த வினை. நம் கங்கை நதியைப் பற்றியும் குழம்பினார். பழைய நூல்கள் கூறும் கங்கை, சீனாவில் கான்டன் பக்கம் கடலில் விழும் நதியே என்று வாதாடினார். வீட்டை விட்டுப் போகாதவர், கேட்டதை வைத்துத்தானே எழுதவேண்டும்? ஒரு தடவை லொரெயின் என்ற சீமையை அளக்க நேரில் போனார். உடம்பு கெட்டு, உயிர் பிழைத்ததே பெரும்பாடு ஆயிற்று.

அட்லஸ் பிறந்தது

அவருடைய பெரிய ஆசை வேறு. உலகம் உண்டானதிலிருந்து இன்றுவரை உள்ள கதை, வானம், பூமி, கடல், நாடுகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் புத்தகங்களாக எழுதவேண்டும் என்பது.

1570-ல் அவருடைய நண்பர் ஆர்ட்டேலியஸ் ஒரே அளவில் அச்சிட்ட தேசப்படங்களைப் புத்தகமாகக் கட்டி வெளியிட்டார். நண்பரின் புத்தகம் நன்றாக விற்கட்டும் என்று மெர்கேட்டர் தம் புத்தகத்தைத் தள்ளிவைத்தார் என்று, அவர் சரித்திரத்தை எழுதிய அண்டைவீட்டு நண்பர் வால்டர் கிம் கூறுகிறார்.

மெர்கேட்டரின் தேசப்படங்கள் 1585-ல் ஒரு பகுதியும் 1589-ல் ஒரு பகுதியும் வந்தன. அதற்குள் வீட்டில் சாவுக்குமேல் சாவு. 1586-ல் பார்பரா அம்மாள் காலமானார். 1587-ல் மூத்த மகன் ஆர்னால்டு போனார். 1590-ல் மெர்கேட்டரைப் பாரிசவாயு தாக்கியது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. அப்படியும் வேலையை விடவில்லை. 1594-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, 82 வயதில் கண்ணை மூடினார்.

அடுத்த ஆண்டு, மகன் ருமோல்டு எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாக வெளியிட்டார். தகப்பனார் வைத்த பெயர் அட்லஸ். வானத்தைத் தோளில் சுமக்கும் கிரேக்கப் புராண வீரன்தான் அட்லஸ் என்று நினைப்போம். மெர்கேட்டர் எண்ணியது அவனை அல்ல. ஆப்பிரிக்காவின் வடக்கே மாரிட்டேனியா என்ற நாட்டை ஆண்டதாகச் சொல்லப்படும் அட்லஸ் ராஜாவை. வான சாஸ்திரத்தில் வல்லவன் என்று அந்த ராஜாவுக்குப் பெயர்.

உலகத்தையே அடக்க வந்த அந்தப் புத்தகத்தில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இல்லை! வரைந்து முடிக்க ஆயுள் போதவில்லை. விற்பனையும் மந்தம்.

1604-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஹோண்டியஸ், மெர்கேட்டரின் செம்புத் தகடுகளை விலைக்கு வாங்கினார். விடுபட்ட நாடுகளைச் சேர்த்து 1606-ல் புதிய பதிப்புப் போட்டார். தாம் பல படங்களைச் சேர்த்திருந்தும், ஆசிரியர் மெர்கேட்டர் என்றே அச்சிட்டார். பிரதிகள் வேகமாக விற்றன. 1613-ம் ஆண்டுப் பதிப்பில் ஒரு சித்திரம் வந்தது. ஒரே மேஜை, இரண்டு பூகோள உருண்டைகள், எதிரும் புதிருமாக மெர்கேட்டரும் ஹோண்டியஸும். இருவர் கையிலும் கவராயம். அந்தப் படம் அச்சானபோது மெர்கேட்டர் இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹோண்டியஸும் அதற்கு முந்தின ஆண்டே போய்விட்டார்.